134 போக மீதி 22,776

இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிறுவனம் 2010-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. நுரையீரலில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை பரவியிருந்த ஒரு சிறுசெல் புற்றுநோயின் டிஎன்ஏவை, அதே மனிதரின் நலமான செல்லின் டிஎன்ஏவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட கணக்கு அது. புற்றுச் செல்லில் மட்டும் மாறியிருந்த எழுத்துகள் 22,910. அவற்றில் புரதம் செய்வதற்கான குறிப்புக்குள் விழுந்தவை வெறும் 134, அதாவது 0.6 சதவீதம். மீதி 22,776 பிழைகள் எந்தப் புரதத்தின் எழுத்தையும் தொடவில்லை.

மரபணு கெட்டுப்போனால் புற்றுநோய் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அந்தப் பாடத்துக்கு ஒத்துப்போவது இந்த 134 மட்டும்தான். அந்த 134-லும் பெரும்பாலானவை சும்மா கூட வந்தவை. கட்டி வளர்வதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 22,776-லும் அதே கதைதான். அப்படியானால் கட்டியை வளர்ப்பது எது? நுரையீரல் புற்றுநோய் பற்றிக் கடந்த 20 ஆண்டுகளில் வந்த கணக்குகளை வரிசையாகப் புரட்டிப் பார்த்தால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த எழுத்து மாறியது என்பது பாதிக் கணக்கு. எந்த மரபணு எவ்வளவு ஓடுகிறது என்பது மறுபாதி. கைக்கு வந்த மருந்துகளில் பெரும்பகுதி முதல் பாதிக்கே.

2022-இல் உலகம் முழுவதும் நுரையீரல் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 24.8 லட்சம் பேர். அதனால் இறந்தவர்கள் 18.2 லட்சம். புற்றுநோய்ச் சாவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. இந்தியாவில் அதே ஆண்டு மதிப்பீடு, புதிய நோயாளிகள் சுமார் 81,700, சாவு சுமார் 75,000. இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பதே நோயின் கொடுமையைச் சொல்லிவிடும்.

சிகரெட் கணக்கு

அந்த 22,910 பிழைகளைக் கொண்டு சாங்கர் குழு போட்ட இன்னொரு கணக்குதான் செய்தித்தாள்களில் பரவியது: 15 சிகரெட்டுக்கு ஒரு பிழை. 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு வேறொரு விகிதம் தந்தது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைத்தால் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிழைகள். பாக்கெட்டுக்கு 20 என்றால் ஆண்டுக்கு 7,300 சிகரெட். வகுத்தால் ஏறக்குறைய 49 சிகரெட்டுக்கு ஒரு பிழை. இரண்டு எண்ணும் மோதவில்லை. முதலாவது ஒரே ஒரு கட்டியிலிருந்து பின்னோக்கிக் கணித்தது, இரண்டாவது பலரின் கட்டிகளை வைத்து எடுத்த சராசரி. மேடையில் பேசுபவர்களுக்கு 15 பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

இதைவிட எனக்குச் சுவையாகப்படுவது பிழைகள் விழுந்திருக்கும் இடம். மனித டிஎன்ஏவில் புரதக் குறிப்பு சுமார் 1.5 சதவீதம். 22,910 பிழைகளும் சமமாகத் தூவப்பட்டிருந்தால் புரதக் குறிப்புக்குள் 300-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 134. காரணம், ஓடிக்கொண்டிருக்கும் மரபணுவில் பிழை விழுந்தால் செல் அதை உடனுக்குடன் பழுது பார்க்கிறது. படியெடுக்கும் நொதி பிழையான எழுத்தில் முட்டி நிற்கும். நின்ற இடத்துக்குப் பழுது பார்க்கும் புரதங்கள் வந்து சேரும். மூடிக் கிடக்கும் பகுதியில் அந்தக் கவனிப்பு இல்லை, பிழை தேங்குகிறது. 2015-இல் 'நேச்சர்' வெளியிட்ட ஒரு கணக்கு இதை ஓர் எண்ணாகவே சொல்லிவிட்டது. புற்றுநோய் டிஎன்ஏவில் எங்கே பிழை அடர்த்தி, எங்கே குறைவு என்ற ஏற்றத்தாழ்வில் 86 சதவீதம் வரை, அந்தப் புற்று பிறந்த செல் வகையில் டிஎன்ஏ எங்கே திறந்தும் எங்கே மூடியும் இருந்தது என்பதையும், எந்தப் பகுதி எப்போது நகலாகிறது என்பதையும் வைத்தே விளக்கிவிடலாம். பிழை விழும் இடத்தையே மரபணுக் கட்டுப்பாடு பங்கு போடுகிறது.

இரண்டு மீட்டர் நூல்

கட்டுப்பாடு என்று சொல்வதன் அளவுகள் இவை. ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது அடங்கியிருக்கும் உட்கரு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு தொகுதிக்கு எழுத்துகள் 310 கோடி, புரதம் தரும் மரபணுக்கள் 20,000 அளவில். இந்த நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் உருளைக்கு 147 எழுத்து வீதம் சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. செல்லுக்கு ஏறத்தாழ 3 கோடி உருளைகள். இறுக்கிச் சுற்றிய இடத்தை வாசிக்க முடியாது. வாசிக்கத் தொடங்கு, நிறுத்து என்று சொல்லும் படியெடுப்புக் காரணிகள் சுமார் 1,600 வகை. இவை போக, மெத்தில் என்ற சின்ன வேதிக் குறியை ஏற்றிப் பூட்டக்கூடிய இடங்கள் 2.8 கோடி.

நுரையீரல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் எழுத்து ஒன்றுதான். எது ஓட வேண்டும், எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். மின்விசிறி நன்றாக இருந்து ரெகுலேட்டர் ஐந்தில் மாட்டிக்கொண்டாலும், பூஜ்யத்தில் மாட்டிக்கொண்டாலும் வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரமம் சிரமம்தான்.

29, 21, 18, 4

செல் பிரிவதற்குத் தடை போடும் புரதங்களில் ஒன்று பி16. சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் சரக்கு. நுரையீரலின் தட்டைச் செல் புற்றுநோய் 178 கட்டிகளை அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுதித் திட்டம் 2012-இல் அலசியபோது, 72 சதவீதக் கட்டிகளில் இந்த மரபணு செயலற்றுப் போயிருந்தது. எப்படிப் போனது என்ற பிரிவினையைப் பாருங்கள். மரபணு முழுதாக அழிந்துபோனது 29 சதவீதம். எழுத்து அப்படியே இருக்க, மெத்தில் ஏறிப் பூட்டப்பட்டது 21. எழுத்துப் பிழையால் கெட்டது 18. ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது ஒரு துண்டு விடுபட்டது 4. கூட்டினால் 72.

நான்கு வழியிலும் விளைவு ஒன்றே. பி16 இல்லை, செல் பிரிந்துகொண்டே போகும். எழுத்துப் பிழை மட்டும் தேடும் ஒரு சோதனை இந்த 72-ல் 18-ஐத்தான் பிடிக்கும். பூட்டப்பட்ட 21 சதவீதக் கட்டிகளின் டிஎன்ஏவை எத்தனை தடவை வாசித்தாலும் சிடிகேஎன்2ஏ நலமாக இருப்பதாகவே பதில் வரும்.

இந்தப் பூட்டு நோய் முற்றிய பிறகு விழுவதும் இல்லை. நியூ மெக்ஸிகோவின் ஆல்புகெர்க்கியிலிருந்து 1998-இல் வந்த ஆய்வு, புற்று ஆவதற்கு முந்தைய படிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. அடித்தளச் செல்கள் சற்றுக் கூடுதலாகப் பெருகியிருந்த நிலையிலேயே பி16 பூட்டு 17 சதவீதம். செல்கள் தட்டையாக உருமாறிய நிலையில் 24. இருந்த இடத்தை விட்டு இன்னும் இறங்காத ஆரம்பப் புற்றில் 50. கட்டி என்று பெயர் வைப்பதற்கு முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது.

புகையும் பூட்டைத் தொடுகிறது. 15,907 பேரின் ரத்த மாதிரிகளைச் சேர்த்து 2016-இல் எடுத்த கணக்கில், புகைப்பவர்களுக்கும் ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும் இடையே மெத்தில் அளவு உறுதியாக வேறுபட்ட இடங்கள் 2,623. புகையை விட்டவர்களிடம் பெரும்பாலான இடங்கள் 5 ஆண்டுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. 36 இடங்கள் 30 ஆண்டு கடந்தும் திரும்பவில்லை. இது ரத்தச் செல்லின் கணக்கு, நுரையீரலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் எழுத்துப் பிழை திரும்பாது, மெத்தில் குறி பெரும்பாலும் திரும்பும் என்ற வேறுபாடு மருந்து தேடுபவர்களின் ஆசையைக் கிளப்பியது. அந்த ஆசைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது பின்னால் வரும்.

நாலரை லட்சம் எழுத்துக்கு அப்பால்

வேகத்தைக் கூட்டுவதில் பெயர்பெற்றது மிக் என்ற படியெடுப்புக் காரணி. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடும். அதனாலேயே செல் அதைக் கையில் வைத்திருப்பதில்லை. செய்த மிக் புரதத்தில் பாதி 20 முதல் 30 நிமிடத்துக்குள் அழிக்கப்பட்டுவிடும். நுரையீரல் கட்டி இந்தக் கெடுபிடியைத் தாண்டும் வழிகளில் ஒன்று, மிக் மரபணுவையே பல நகல்களாகப் பெருக்கிக்கொள்வது. இந்தக் குடும்பத்தின் மூன்றாவது உறுப்பினரை, எல்-மிக் என்பதை, 1985-இல் முதன்முதலில் கண்டெடுத்ததே சிறுசெல் நுரையீரல் புற்றில் அப்படிப் பெருகியிருந்த இடத்தில்தான்.

2016-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. சில நுரையீரல் சுரப்பிச்செல் புற்றுகளில் மிக் மரபணு பெருகவில்லை. அதிலிருந்து 4,50,000 எழுத்து தள்ளி, எந்தப் புரதக் குறிப்பும் இல்லாத ஒரு துண்டு பெருகியிருந்தது. அந்தத் துண்டு மிக்கின் ஊக்கிப் பகுதி. டிஎன்ஏ நூல் மடங்கும்போது அது மிக் மரபணுவின் வாசலுக்கு வந்து ஒட்டிக்கொண்டு, ஓட்டத்தை முடுக்குகிறது. ஆய்வகத்தில் அந்தத் துண்டை முடக்கியதும் மிக் அளவு இறங்கியது, செல்களின் பெருக்கமும் தளர்ந்தது. மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஒரு நகலும் கூடவில்லை. 22,776-ஐக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

இன்னொரு காரணியை எந்த ஊர் நோயியல் ஆய்வகத்திலும் கண்ணாலேயே பார்க்கலாம். மெழுகுக் கட்டியிலிருந்து சுமார் 4 மைக்ரான் கனத்தில் சீவிய திசுவை ஸ்லைடில் ஏற்றி, டிடிஎஃப்-1 என்ற சாயச் சோதனை போடுகிறார்கள். செல்லின் உட்கருக்கள் மட்டும் பழுப்பாகவும் மற்றவை வெளிர் நீலமாகவும் தெரிந்தால், பிற சோதனைகளோடு சேர்த்து, இது நுரையீரலில் பிறந்த சுரப்பிச்செல் புற்று என்று எழுதுவார்கள். சுரப்பிச்செல் புற்றில் நான்கில் மூன்று அளவுக்கு இந்தப் பழுப்பு கிடைக்கும். அந்தப் பழுப்பின் மரபணுப் பெயர் என்கேஎக்ஸ்2-1. நுரையீரல் செல்லை நுரையீரல் செல்லாக வைத்திருக்கும் காரணி. 2007-இல் 371 சுரப்பிச்செல் கட்டிகளை அலசியபோது, சுமார் 12 சதவீதத்தில் இந்த மரபணு இருக்கும் இடம் நகல் பெருகியிருந்தது. சிறிய பகுதிப் பெருக்கங்களில் அதிகம் காணப்பட்டதே அதுதான். வேடிக்கை என்னவென்றால், எலிகளில் நடந்த ஆய்வு 2011-இல் எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. இதே காரணி இல்லாமல் போகும்போது கட்டி முரடாகி வேகமாகப் பரவியது. ஒரே பெயரைப் பற்றிலும் எழுத வேண்டியிருக்கிறது, வரவிலும் எழுத வேண்டியிருக்கிறது. மரபணுக்களை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரித்துப் போடும் பட்டியல்களை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டி ஒட்டும் இடத்திலும் கணக்கு தவறும். மெட் என்ற வளர்ச்சி ஏற்பியின் ஆர்என்ஏவில் 14-ஆம் துண்டு விடுபட்டுப்போவது நுரையீரல் சுரப்பிச்செல் புற்றில் சுமார் 4 சதவீதம். விடுபடுவது 141 எழுத்து, புரதத்தில் 47 அமினோ அமிலம். ஆனால் அந்த 47-க்குள்தான், என்னை அழி என்று செல்லின் கழிவு இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம் இருக்கிறது. அது போனதும் ஏற்பி அழியாமல் தேங்கி, வளர் வளர் என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து உண்டு. கேப்மாடினிப் 2020 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மருந்துப் பத்தியில் வெற்றிடம்

2014-இல் வெளியான 230 சுரப்பிச்செல் கட்டிகளின் கணக்கில் எந்த மரபணு எத்தனை சதவீதக் கட்டியில் மாறியிருந்தது என்ற பட்டியல் இருக்கிறது. அதன் பக்கத்தில் மருந்து உண்டா என்று ஒரு பத்தியைக் கையால் சேர்த்துப் பாருங்கள். டிபி53, 46 சதவீதம்: நுரையீரல் புற்றுக்கென அனுமதி பெற்ற மருந்து இல்லை. கேராஸ், 33: இதில் ஜி12சி என்ற ஒரு வகைக்கு மட்டும் மருந்து, அதுவும் 2021-இல்தான். மனித நுரையீரல் புற்றில் இந்த மரபணு பிடிபட்டது 1982-இல். இடைவெளி 39 ஆண்டு. கீப்1, 17: இல்லை. எஸ்டிகே11, 17: இல்லை. ஈஜிஎஃப்ஆர், 14: பல மருந்துகள். எஸ்இடிடி2 9, எம்ஜிஏ 8, ஆர்பிஎம்10 8, ஏஆர்ஐடி1ஏ 7, எஸ்மார்க்கா4 6 என்று பட்டியலில் கீழே வரும் இந்த ஐந்தில் எதற்கும் இல்லை.

அந்தக் கடைசி ஐந்து பெயரும் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள். ஹிஸ்டோனில் குறி போடுவது, மிக்கின் வேகத்தைத் தடுப்பது, ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவது, டிஎன்ஏ சுற்றை நகர்த்துவது இவற்றின் வேலை. முதலில் நிற்கும் டிபி53-உம் படியெடுப்புக் காரணிதான். கீப்1-இன் வேலை, என்ஆர்எஃப்2 என்ற காரணியை 20 நிமிட ஆயுளுக்குள் அடக்கிவைப்பது; கீப்1 கெட்டால் என்ஆர்எஃப்2 சாகாமல், கட்டியை வேதிச் சிகிச்சையிலிருந்தே காப்பாற்றும். மருந்து உள்ள இடங்கள் பெரும்பாலும் செல்லின் மேற்பரப்பிலும் அதை அடுத்தும் இருக்கும் கைனேஸ் நொதிகள். மருந்து மூலக்கூறு போய் உட்கார அவற்றில் ஒரு குழி உண்டு. படியெடுப்புக் காரணி பெரும்பாலும் வழவழப்பானது, பிடிக்க இடம் கிடையாது. இழந்துபோன ஒரு தடையை மாத்திரையால் திருப்பிப் போடுவது அதைவிடக் கடினம்.

மருந்து உள்ள இடத்திலும் கட்டுப்பாடு குறுக்கே வரும். ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பியின் கதை 2004-இல் பிரகாசமாகத் தொடங்கியது: அதைத் தடுக்கும் ஜெஃபிடினிப் மருந்துக்கு நன்றாகக் கேட்ட 9 பேரில் 8 பேரின் கட்டியில் அந்த மரபணு மாறியிருந்தது. பிறகு வந்த ஒசிமெர்டினிப், 556 பேர் பங்கேற்ற சோதனையில், நோய் முன்னேறாமல் இருந்த காலத்தை 10.2 மாதத்திலிருந்து 18.9 மாதமாக்கியது. இந்த மருந்துக்கான சுங்க வரியை இந்திய அரசு 2024 ஜூலை பட்ஜெட்டில் நீக்கியது. ஆனால் கட்டி மருந்தைத் தாண்டும். எப்படித் தாண்டுகிறது என்று 37 நோயாளிகளிடம் மறுபடி திசு எடுத்துப் பார்த்த பாஸ்டன் மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழ பாதிப் பேரிடம் அதே மரபணுவில் புதிய பிழை. எதிர்பார்த்ததுதான். 5 பேரின் கட்டியோ சுரப்பிச்செல் புற்றிலிருந்து சிறுசெல் புற்றாக உருமாறியிருந்தது. பழைய ஈஜிஎஃப்ஆர் பிழை டிஎன்ஏவில் அப்படியே இருந்தது. பின்னால் நடந்த ஆய்வு, உருமாறிய கட்டிகளில் ஆர்பி என்ற தடை முற்றிலும் போயிருந்ததையும், ஈஜிஎஃப்ஆர் புரதம் வெகுவாகக் குறைந்துவிட்டதையும் காட்டியது. செல் அந்த மரபணுவை வாசிப்பதையே நிறுத்திவிட்டது. மருந்து தேடி வந்த ஏற்பி அங்கே இல்லை. டிஎன்ஏ சோதனை அறிக்கையை மட்டும் கையில் வைத்திருக்கும் மருத்துவருக்கு இது தெரியாது, திரும்ப ஊசி போட்டுத் திசு எடுத்தால்தான் தெரியும்.

2 பேர், 580 கோடி டாலர்

பூட்டைத் திறக்கும் மருந்துகளின் கணக்கு மெலிந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மெத்தில் பூட்டைக் கழற்றும் அசாசைடிடினையும் ஹிஸ்டோன் பிடியைத் தளர்த்தும் என்டினோஸ்டாட்டையும் சேர்த்து, மற்றச் சிகிச்சைகள் கைவிட்ட 45 பேருக்குக் கொடுத்தார்கள். 2011-இல் வந்த முடிவு: ஒருவருக்குக் கட்டி முழுதாக மறைந்தது, ஒருவருக்கு ஓரளவு சுருங்கியது. 45-ல் 2. அந்த இருவருக்குக் கிடைத்ததை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 2.8 கோடி இடங்களில் எந்தப் பூட்டைத் திறப்பது என்று தேர்ந்தெடுக்கத் தெரியாத மருந்து அது.

வேறொரு வழி, கட்டுப்பாட்டை விட்டுவிட்டு அது ஓட்டும் சரக்கைப் பிடிப்பது. சிறுசெல் புற்றில் டிபி53, ஆர்பி1 இரண்டும் கிட்டத்தட்ட எல்லாக் கட்டியிலும் போயிருப்பதால், பிழையை வைத்து வகை பிரிக்க முடியவில்லை. எந்தப் படியெடுப்புக் காரணி ஆட்சி செய்கிறது என்பதை வைத்து 2019-இல் வகை பிரித்தார்கள். பெரிய வகையை ஆள்வது ஏஎஸ்சிஎல்1. அது முடுக்கும் மரபணுக்களில் ஒன்று டிஎல்எல்3. அந்தப் புரதம் சிறுசெல் புற்றின் மேற்பரப்பில் பெரும்பாலும் இருக்கும், நலமான செல்லின் மேற்பரப்பில் அரிது.

இதை நம்பி அப்வி நிறுவனம் 2016-இல் ஸ்டெம்சென்ட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தை 580 கோடி டாலர் முன்பணத்துக்கு வாங்கியது. டிஎல்எல்3-ஐத் தேடிப் போய் விஷத்தை இறக்கும் அவர்களின் மருந்து, 444 பேர் பங்கேற்ற சோதனையில் பழைய வேதி மருந்திடம் தோற்றது: நடுநிலை ஆயுள் 6.3 மாதம், பழைய மருந்தில் 8.6. 2019 ஆகஸ்டில் திட்டத்தை மூடினார்கள். இலக்கு தவறு என்று பலர் முடிவு கட்டினார்கள்.

இலக்கு தவறில்லை. அதே டிஎல்எல்3-ஐப் பிடித்து மறுகையால் நோயெதிர்ப்புக்கான டி-செல்லை இழுத்து வரும் டார்லடாமாப், 2024 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 10 மில்லிகிராம் அளவு பெற்றவர்களில் 40 சதவீதத்தினரின் கட்டி சுருங்கியது. 2025-இல் 509 பேரைக் கொண்டு வந்த ஒப்பீட்டில் நடுநிலை ஆயுள் 13.6 மாதம், வேதி மருந்தில் 8.3. பாதிப் பேருக்குக் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியுமாக நோயெதிர்ப்புக் கொந்தளிப்பு வரும், பெரும்பாலும் லேசாக. அதனால் முதல் இரண்டு தவணைக்கும் 22 முதல் 24 மணி நேரம் நோயாளியைக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லியே அனுமதி தந்தார்கள். மருந்தின் விலையோடு அந்தப் படுக்கையின் வாடகையையும் சேர்த்தே எழுத வேண்டும்.